கம்பியில்லாத் தண்ணீர் மீட்டர்: வாடகைக் குடியிருப்பில் சம்மதிப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

குடியிருப்போர்குரல்:
வணக்கம். நான் இருப்பது வருமானம் குறைந்தவர்களுக்கான சமூக வீட்டுவசதிக் குடியிருப்பு. மொத்தம் 96 வீடுகள், பழைய கட்டடம். தண்ணீருக்கு இதுவரை தனிக் கட்டணம் இல்லை. வீட்டின் பரப்பளவுக்கு இவ்வளவு என்று வாடகையோடு சேர்த்தே வாங்கிவிடுவார்கள். இப்போது வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் போடப்போவதாக நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ரீடிங் ரேடியோ மூலம் போய்விடுமாம், யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லையாம், கசிவு இருந்தால் உடனே தெரியுமாம். அடுத்த மாதம் கூட்டம். குடியிருப்போர் குழுவில் நானும் ஒருவன் என்பதால் எங்கள் கருத்தை எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். கொஞ்சமாகச் செலவழிப்பவர்கள் "சீக்கிரம் போடுங்கள்" என்கிறார்கள். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீடுகளுக்குப் பயம். இந்த வேலையில் இருப்பவர்களும், ஏற்கெனவே மீட்டர் வந்த குடியிருப்புகளில் இருப்பவர்களும் சொல்லுங்கள். எதை ஒப்புக்கொள்ளலாம், எதை ஒப்புக்கொள்ளக் கூடாது?

கணக்கர்:
வேறொரு வீட்டுவசதி அமைப்பில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் கருத்து நேரானது: மீட்டர் வர வேண்டும். பரப்பளவுக் கணக்கு என்பது யாருக்கும் நியாயமில்லை. பெரிய வீட்டில் தனியாக வாழும் பாட்டி, பக்கத்துச் சின்ன வீட்டில் இருக்கும் ஆறு பேரைவிட அதிகம் கட்டுகிறார். தான் எவ்வளவு செலவழிக்கிறோம் என்று தெரியாத வரை யாரும் குறைக்கப்போவதில்லை. பழைய மீட்டர் என்றால் ரீடிங் எடுக்க ஆள் போக வேண்டும், வீடு பூட்டியிருந்தால் தோராயமாகப் போட வேண்டும், அப்புறம் அதைச் சரிசெய்ய ஒரு சண்டை. ரேடியோ மீட்டரில் அந்தத் தோராய பில் ஒழியும். அது ஒன்றே பெரிய லாபம்.

மழைத்துளி:
கணக்கர் சார், நீங்கள் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. எனக்கு நடந்ததையும் கேளுங்கள். எங்கள் குடியிருப்பில் மீட்டர் வந்து இரண்டாவது மாதமே என் பில் பக்கத்து வீட்டைப் போல நான்கு மடங்கு. நானும் என் மகளும் மட்டும்தான். நிர்வாகத்துக்குப் போன் செய்தால், "மீட்டர் பொய் சொல்லாது, நீங்கள்தான் செலவழித்திருக்கிறீர்கள்" என்றார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஃப்ளஷ் டேங்கின் அடி ரப்பர் தேய்ந்து, இரவு பகலாகத் தண்ணீர் சத்தமில்லாமல் கழிப்பறை பேசினுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த டேங்க் என்னுடையது இல்லை, குடியிருப்பின் சொத்து. நான் அதைத் திறந்து பார்க்கவும் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. பிளம்பர் வர ஐந்து வாரம் ஆனது. ஐந்து வாரத் தண்ணீருக்கும் பணம் நான் கட்டினேன்.

பின்னால்தான் தெரிந்தது, மீட்டர் முதல் வாரத்திலேயே கசிவு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை.

குடியிருப்போர்குரல்:
அம்மா, இதைத்தான் எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பணம் திரும்பக் கிடைத்ததா?

மழைத்துளி:
பாதி. அதுவும் எட்டு மாதம் அலைந்து.

பழையபிளம்பர்:
தண்ணீர் மீட்டர் பொருத்துவதே என் பிழைப்பு. முதலில் சுற்றும் சக்கர மீட்டர், இப்போது ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசானிக். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளி அம்மா சொன்ன கசிவுதான் சமூகக் குடியிருப்புகளில் நான் அதிகம் பார்ப்பது. சொட்டும் குழாயைக் கண் பார்க்கும், காது கேட்கும். ஃப்ளஷ் டேங்க் கசிவு இரண்டுக்கும் சிக்காது. மணிக்கு 10 லிட்டர் என்பது பேசினில் ஒரு மெல்லிய இழைதான். ஆனால் நாளைக்கு 240 லிட்டர், 30 நாளில் 7,200 லிட்டர். ஒரு மனிதரின் குடிநீர், சமையல், குளியல், துப்புரவு எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. அப்படியென்றால் அந்த ஒரு ரப்பர் இரண்டு முதல் ஐந்து பேர் வரையிலான தண்ணீரைக் குடிக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லா மீட்டரும் இந்த இழையைப் பிடிக்காது. மீட்டரின் முகப்பில் R160, R400, R800 என்று ஏதாவது அச்சடித்திருக்கும். வீட்டு மீட்டரின் நிரந்தர ஓட்டம் (தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு) பெரும்பாலும் மணிக்கு 2.5 கன மீட்டர், அதாவது 2,500 லிட்டர். அதை R எண்ணால் வகுத்தால், எவ்வளவு குறைந்த ஓட்டம் வரை அந்த மீட்டர் துல்லியத்துக்கு உத்தரவாதம் தருகிறது என்பது கிடைக்கும். R160 என்றால் மணிக்கு சுமார் 15.6 லிட்டர். R400 என்றால் 6.25. R800 என்றால் 3 லிட்டருக்குச் சற்று மேல். ஆக, மணிக்கு 10 லிட்டர் ஒழுகும் டேங்க் R160 மீட்டரின் உத்தரவாத எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. சில மீட்டர் குறைத்துக் காட்டும், சில காட்டவே காட்டாது. அதோடு சக்கர மீட்டரைப் படுக்கையாகப் போடாமல் செங்குத்துக் குழாயில் போட்டால் அதன் R எண் இன்னும் இறங்கும். குளியலறைச் சுவரில் இடமில்லையென்று அப்படிப் போட்டதை நிறைய பார்த்திருக்கிறேன்.

"கசிவைக் கண்டுபிடிக்கும் ஸ்மார்ட் மீட்டர்" என்று நோட்டீஸில் இருந்தால், முதல் கேள்வி: R எண் என்ன? சக்கரமா, அல்ட்ராசானிக்கா? சக்கர மீட்டரின் தலையில் ரேடியோவை மாட்டினாலும் அதற்குப் பெயர் ஸ்மார்ட் மீட்டர்தான். ரேடியோவுக்கும் துல்லியத்துக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது கேள்வி: உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எத்தனை இடத்தில் நுழைகிறது? பழைய கட்டடங்களில் சமையலறைக்கு ஒரு செங்குத்துக் குழாய், குளியலறைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என்று தனித்தனியாக இறங்கும். அப்படியானால் வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது, மூன்று வேண்டும். அல்லது குழாயை மாற்றிப் போட வேண்டும். 96 வீட்டுக்கு 96 மீட்டர் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் அவர் கட்டடத்துக்குள் வந்தே பார்க்கவில்லை.

குடியிருப்போர்குரல்:
எங்களுக்கு இரண்டு இடத்தில் நுழைகிறது. நோட்டீஸில் 96 மீட்டர் என்றுதான் இருக்கிறது! இதை யாரும் கவனிக்கவே இல்லை.

இரவுப்பணி:
நான் இரவு வேலை பார்ப்பவன். வீட்டுக்கு வந்து குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் விடியற்காலை மூன்று மணிக்கு. இரவில் தண்ணீர் ஓடினால் கசிவு என்று மீட்டர் கணக்கெடுத்தால் என் வீடு தினமும் கசிவுப் பட்டியலில் வராதா?

பழையபிளம்பர்:
வராது அண்ணா. இரவில் ஓடுகிறதா என்று மீட்டர் பார்ப்பதில்லை. 24 மணி நேரத்தில் ஒரு தடவையாவது ஓட்டம் முழுக்க நின்றதா என்றுதான் பார்க்கிறது. மூன்று மணிக்குக் குளித்தாலும் பகலில் தூங்கும்போது பூஜ்யம் வந்துவிடும். கசியும் வீட்டில் அந்தப் பூஜ்யம் வரவே வராது. கட்டடம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும்போதுதான் இரவு ஓட்டம் பயன்படும், ஏனென்றால் அந்த நேரத்தில் மற்ற உபயோகம் குறைவு.

திறவுகோல்:
தரவுப் பாதுகாப்புப் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, எனவே நான் பேசுகிறேன். தண்ணீர் ரீடிங் வெறும் எண் என்று நினைக்காதீர்கள். மணிக்கு ஒரு ரீடிங் இருந்தால், நீங்கள் எப்போது எழுகிறீர்கள், எப்போது வீட்டில் இல்லை, விருந்தாளி வந்து எத்தனை நாள் தங்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சொந்த வீட்டுக்காரருக்கு இது ஒரு சங்கடம். சமூகக் குடியிருப்பில் இருப்பவருக்கோ வீட்டையே இழக்கும் ஆபத்து. "ஒப்பந்தத்தில் மூன்று பேர், தண்ணீர் ஐந்து பேருக்கு ஓடுகிறதே" என்று ஒரு நாள் கடிதம் வரலாம். ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கியவரிடம் "வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை" என்று சொல்லலாம்.

ஒரு காரியத்துக்காக எடுத்த தரவை அதற்குப் பொருந்தாத இன்னொரு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. 2018 மே முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாக்கியத்தை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள்: பில்லுக்கும் கசிவுக்கும் மட்டும், குடியிருப்பவர்களைக் கண்காணிக்க அல்ல.

இன்னொன்று: கசிவைக் கண்டுபிடிக்க மணிக்கணக்கான ரீடிங்கை வெளியே அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. பல மீட்டர்கள் அந்தக் கணக்கைத் தங்களுக்குள்ளேயே போட்டு, "கசிவு", "குழாய் உடைப்பு", "பின்னோக்கி ஓட்டம்", "காலிக் குழாய்" என்று ஒரு குறியீட்டை மட்டும் அனுப்பும். நிர்வாகத்துக்கு அந்தக் குறியீடும் மாதக் கடைசி ரீடிங்கும் போதும். மணிக்கணக்கு விவரம் குடியிருப்பவர் கேட்டால் அவருக்கு மட்டும்.

கணக்கர்:
திறவுகோல் சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். ஆனால் மாதம் ஒரு ரீடிங் மட்டும் இருந்தால் பில் தகராறை எப்படித் தீர்ப்பது? "நான் ஊரிலேயே இல்லை" என்று ஒருவர் சொன்னால், நாள்வாரி விவரம்தான் அவருக்குச் சாட்சி. தரவு குடியிருப்பவரையும் காப்பாற்றும்.

திறவுகோல்:
நிச்சயமாக. அதனால்தான் அது அவர் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். தகராறு வந்தால் எடுத்துக் காட்டுவது அவர் விருப்பம்.

பழையபிளம்பர்:
ரேடியோ பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திட்டம் தடுமாறுவது இங்கேதான்.

பொதுவாக மூன்று வழி. வயர்லெஸ் எம்-பஸ்: மீட்டர் சில வினாடிகளுக்கோ நிமிடங்களுக்கோ ஒரு தடவை சின்னச் செய்தியை வீசிக்கொண்டே இருக்கும். மாடிப்படியில் உள்ள பெட்டியோ, கருவியோடு நடந்து போகும் ஆளோ அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் பெரும்பாலும் 868 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது லோராவான்: தூரம் அதிகம், உயரமான கூரையில் செய்திகளை வாங்கி அனுப்பும் ஒரு கேட்வே பெட்டி வைத்தால் பல கட்டடங்களை எடுக்கும். மூன்றாவது என்பி-ஐஓடி: செல்போன் கம்பெனியின் கோபுரம் வழியாகப் போகும். கேட்வே தேவையில்லை, ஆனால் அந்தக் கம்பெனியை நம்பியிருக்க வேண்டும்.

மீட்டர் எங்கே இருக்கிறது? கான்கிரீட் சுவருக்குள், இரும்புக் கதவு போட்ட பெட்டிக்குள், சில இடங்களில் தண்ணீர் தேங்கிய குழிக்குள் இரும்பு மூடிக்குக் கீழே. லோராவானில் சிக்னல் பலவீனமானால் மீட்டர் மெதுவாகப் பேச ஆரம்பிக்கும். வேகத்துக்கு ஆறு படிகள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் அதே செய்திக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடிக்கும். கடைசிப் படிக்குப் போய்விட்டால் முதல் படியைவிட இருபது, முப்பது மடங்கு. அவ்வளவும் பேட்டரியிலிருந்து போகிறது. 15 வருடம் உழைக்கும் என்று சொன்ன லித்தியம் பேட்டரி, தரைத்தளக் குளியலறையில் பாதியிலேயே தீர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். சீல் செய்த அல்ட்ராசானிக் மீட்டர்கள் பலவற்றில் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, மீட்டரையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று இப்போதே எழுதி வாங்குங்கள். அப்புறம் கேட்டால் "பராமரிப்புக் கட்டணம்" என்று உங்கள் தலையில் வரும்.

எனவே ஒப்பந்தம் போடுவதற்கு முன் ஒரு நாள் சிக்னல் சோதனை நடத்தச் சொல்லுங்கள். மொட்டைமாடியில் இல்லை. தரைத்தளத்தில், கட்டடத்தின் மூலையில், கதவை மூடிய பெட்டிக்குள்.

மழைத்துளி:
ரேடியோ கதிர் உடம்புக்குக் கெடுதல் என்று எங்கள் மாடியில் ஒரு பயம் இருந்தது. அதையும் சொல்லுங்கள் அண்ணா.

பழையபிளம்பர்:
868 மெகாஹெர்ட்ஸ் மீட்டர்களின் சக்தி பெரும்பாலும் 25 மில்லிவாட் அளவு அல்லது அதற்கும் கீழே. அதுவும் தொடர்ந்து இல்லை. எம்-பஸ் செய்தி சில மில்லிவினாடிகளில் முடியும், லோராவான் மிக மெதுவாகப் பேசினாலும் ஒன்றிரண்டு வினாடி. காதோடு வைத்துப் பேசும் செல்போனின் உச்ச சக்தி இதைவிடப் பல மடங்கு. என் வீட்டிலும் இதே மீட்டர்தான், கைக்குழந்தை இருக்கிறது. இதற்காகப் பயப்பட வேண்டாம்.

திறவுகோல்:
ரேடியோவிலேயே இன்னொரு விஷயம். காற்றில் போகும் செய்தியை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். எனவே அது மறையாக்கம் (மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்பட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு மீட்டருக்கும் தனிச் சாவி இருக்க வேண்டும். ஏஇஎஸ்-128 என்ற மறையாக்க முறை இன்று சாதாரணம். ஆனால் வசதிக்காக எல்லா மீட்டருக்கும் ஒரே சாவியைப் போட்டுவிடும் நடைமுறையும் உண்டு. அப்படியானால் ஒன்று திறந்தால் எல்லாம் திறந்த மாதிரி.

அந்தச் சாவிகளின் பட்டியல் யாரிடம் இருக்கும் என்பது அதைவிட முக்கியம். ரீடிங் எடுக்கும் கம்பெனியிடம் மட்டும் இருந்தால், நாளைக்கு அவர்கள் கட்டணத்தை உயர்த்தினாலும் நீங்கள் வேறு ஆளிடம் போக முடியாது. மீட்டர் சுவரில் உங்களுடையதாக இருக்கும், அது பேசும் மொழி அவர்களுடையதாக இருக்கும். சாவிகள் கட்டட உரிமையாளருக்குத் தரப்பட வேண்டும், செய்தியின் வடிவம் பொதுத் தரத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். எம்-பஸ்ஸுக்கு இஎன் 13757 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது.

வாய்தா:
சட்டப் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. நோட்டீஸில் "தூரத்திலிருந்து மூடக்கூடிய வால்வு" அல்லது "முன்பணம்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கெடுக்கும் மீட்டருக்கும் தண்ணீரை நிறுத்தும் மீட்டருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இங்கிலாந்தில் 1990களில் முன்பண மீட்டர்கள் வந்தன. காசு தீர்ந்தால் தண்ணீர் தானாக நிற்கும். அது சட்டத்துக்குப் புறம்பு என்று 1998இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் சொன்னது. 1999இல் வந்த சட்டம், கட்டணம் கட்டவில்லை என்பதற்காக வீட்டுத் தண்ணீரைத் துண்டிக்கவே கூடாது, ஓட்டத்தைக் குறைக்கும் கருவியும் அதற்காகப் போடக் கூடாது என்று தடுத்தது. தென்னாப்பிரிக்காவில் வேறு விதமாக முடிந்தது. ஜோகனஸ்பர்க் மாநகரில், சொவெட்டோவின் ஃபிரி பகுதியில் முன்பண மீட்டர் போட்டார்கள். வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம், அதற்கு மேல் பணம் போட்டால்தான் வரும். லிண்டிவே மசிபுகோவும் அந்தப் பகுதியினரும் வழக்குப் போட்டார்கள். ஒரு வீட்டில் பலர் இருந்தால் அந்த 6,000 லிட்டர் மாதக் கடைசி வரை வராது என்பது அவர்கள் வாதத்தின் மையம். கீழ் நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் தீர்ப்புத் தந்தாலும், 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மாநகராட்சியின் திட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அடுத்த வருடம், 2010 ஜூலை 28 அன்று, ஐ.நா. பொதுச் சபை தண்ணீரையும் துப்புரவையும் மனித உரிமை என்று தீர்மானம் போட்டது.

நான் சொல்ல வருவது, வால்வு உள்ளே வந்துவிட்டால் அதைப் பயன்படுத்த மாட்டோம் என்ற வாக்குறுதியை நம்பியே காலம் தள்ள வேண்டும். வால்வே இல்லாத மீட்டரைக் கேளுங்கள்.

கணக்கர்:
வால்வு வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. வாடகை பாக்கி வேறு, தண்ணீர் வேறு.

குழந்தைகள் அதிகம் உள்ள வீடுகளைப் பற்றி முதல் பதிவில் கேட்டிருந்தார்கள். அதில் என் அனுபவம் ஒன்று. அளவு கூடக் கூட விலை ஏறும் படிக்கட்டுக் கட்டணம் ஏழைகளுக்கு நல்லது என்றே நானும் நம்பியிருந்தேன். இணைப்புக்கு ஒரு படிக்கட்டு என்று வைத்தபோது நடந்தது வேறு: தனியாக இருக்கும் வசதியானவர் முதல் படியிலேயே நின்றார், ஏழு பேர் வீடு மூன்றாம் படிக்குப் போனது. ஆளுக்கு இவ்வளவு என்று அடிப்படை அளவு வைத்தால்தான் சரியாகும். ஆனால் அதற்கு வீட்டில் எத்தனை பேர் என்று நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். திறவுகோல் பயப்படும் இடத்துக்கே திரும்ப வந்துவிடுகிறோம். இதற்கு என்னிடம் சுத்தமான தீர்வு இல்லை. படிக்கட்டே இல்லாமல் ஒரே விலை, கூடவே வருமானத்தைப் பொறுத்த தள்ளுபடி என்பது இருப்பதில் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

இரவுப்பணி:
விட்டு விட்டுத் தண்ணீர் வரும் இடங்களில் குழாயில் காற்று வருமே. பழைய மீட்டர் காற்றுக்கும் சுற்றும் என்பார்கள்.

பழையபிளம்பர்:
உண்மைதான், சக்கரத்துக்குத் தண்ணீருக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அல்ட்ராசானிக் மீட்டர் ஒலி அலை தண்ணீருக்குள் போய்வரும் நேரத்தை அளக்கிறது. காற்று நிறைந்தால் அந்த அலை போய்ச் சேராது, "காலிக் குழாய்" என்று குறித்துக்கொண்டு எண்ணாமல் இருந்துவிடும்.

குடியிருப்போர்குரல்:
எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி மனதில் உறுத்துகிறது. கசிவைக் கண்டுபிடிக்க 96 மீட்டர் வேண்டுமா? எங்கள் கட்டடத்தில் எவ்வளவு கசிகிறது என்று இப்போதே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பழையபிளம்பர்:
உண்டு. மேல்நிலைத் தொட்டி இருக்கிறதா? இரவு இரண்டு மணிக்குத் தொட்டிக்குள் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு மறுபடி அளந்துவிட்டு வால்வைத் திறந்துவிடுங்கள். நிர்வாகத்தின் அனுமதியோடு, இரண்டு பேர் சேர்ந்து, டார்ச்சோடு போங்கள்.

குடியிருப்போர்குரல்:
நேற்று இரவு செய்தோம். காவலாளி, நான், இரண்டாம் மாடி அக்கா. அவர் குழாய்ப் பொருட்கள் விற்கும் கடையில் வேலை பார்த்தவர், அளவெடுத்தது எல்லாம் அவர்தான்.

தொட்டி உள்ளளவு 5 மீட்டருக்கு 4 மீட்டர். ஒரு செ.மீ. இறங்கினால் 200 லிட்டர். இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் 6 செ.மீ. இறங்கியது, அதாவது 1,200 லிட்டர். இரவில் எழுந்தவர்கள் இருபது தடவை ஃப்ளஷ் செய்தார்கள் என்று தாராளமாக 200 லிட்டர் கழித்தாலும் 1,000 மிச்சம். மணிக்கு 500 லிட்டர். நாளைக்கு 12,000 லிட்டர்! வீட்டுக்குச் சராசரி 125. அந்த இருட்டில் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து கணக்கைப் போட்டபோது மூன்று பேருக்கும் பேச்சு வரவில்லை. இத்தனை வருடமாக இதற்கும் சேர்த்துத்தான் வாடகையில் கட்டி வந்திருக்கிறோம்.

மழைத்துளி:
மீட்டர் போட்டபின் இந்த 12,000 லிட்டரும் யாருடைய வீட்டில் ஒழுகுகிறதோ அவர்கள் பெயரில் பில்லாகும். இதுவரை எல்லோரும் பகிர்ந்துகொண்டது, இனி ரப்பர் தேய்ந்த வீட்டின் தலையில். தயவுசெய்து முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள், அப்புறம் மீட்டர்.

பழையபிளம்பர்:
அம்மா சொன்னதுதான் சரியான வரிசை. வீடு வீடாகப் பார்க்க எளிய வழி: ஃப்ளஷ் டேங்கில் சமையல் நிறச்சாயம் சில துளி விடுங்கள். கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். பேசினில் நிறம் தெரிந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். பார்த்து முடிந்ததும் ஃப்ளஷ் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறை பிடிக்கும்.

குடியிருப்போர்குரல்:
இரண்டு ஞாயிறு செலவழித்தோம். 61 வீட்டில் உள்ளே விட்டார்கள். 17 வீட்டில் நிறம் இறங்கியது. அதில் 14 வீட்டுக்காரர்களுக்குக் கசிவே தெரியாது. முதல் மாடியில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர், "நான் சிக்கனமாகத்தானே இருக்கிறேன், பாத்திரம் கழுவும் தண்ணீரைக் கூடச் செடிக்கு ஊற்றுகிறேன்" என்றார். அவருடைய டேங்கில்தான் அதிகம் ஒழுகியது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கணக்கர்:
61இல் 17. என் அமைப்பில் இப்படி யாரும் பார்த்ததில்லை, நாளைக்கே பராமரிப்புப் பிரிவிடம் எடுத்துப் போகிறேன். ஆனாலும் என் பழைய கருத்தை முழுக்க விட மாட்டேன். இன்று 17 ரப்பரை மாற்றுவீர்கள், இரண்டு வருடத்தில் வேறு வீடுகளில் தேயும். இரவில் தொட்டி ஏறிப் பார்க்க எப்போதும் உங்களைப் போல மூன்று பேர் கிடைக்க மாட்டார்கள். அந்த வேலையை மீட்டர்தான் சலிக்காமல் செய்யும். சிங்கப்பூரில் பெரும்பாலான மக்கள் வசிப்பது அரசு கட்டிய அடுக்குமாடிகளில். அங்கே 2022இல் பொருத்த ஆரம்பித்த ஸ்மார்ட் மீட்டர் திட்டத்தின் முதல் கட்டமே சுமார் 3 லட்சம் மீட்டர்கள். கசிவைச் சீக்கிரம் பிடிப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

மழைத்துளி:
சார், மீட்டர் சலிக்காது. என் வீட்டிலும் சலிக்காமல்தான் ஐந்து வாரம் எச்சரிக்கை அனுப்பியது.

கணக்கர்:
ஏற்றுக்கொள்கிறேன். எச்சரிக்கை வந்த நாளிலிருந்து நிர்வாகத்துக்கு ஒரு கெடு வைக்க வேண்டும். கெடு தாண்டினால் அதற்கு மேல் ஓடும் தண்ணீர் நிர்வாகத்தின் கணக்கில். ஒரு கணக்கராக எனக்குத் தெரியும், செலவு யார் பெயரில் எழுதப்படுகிறதோ அவர்தான் பிளம்பரை அனுப்புவார்.

திறவுகோல்:
எச்சரிக்கை குடியிருப்பவருக்கும் அதே நேரத்தில் போக வேண்டும். ஆப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்குப் போன் அழைப்பு, இல்லையென்றால் கதவில் ஒரு சீட்டு.

இரவுப்பணி:
தனியாக இருக்கும் பெரியவர் வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே ஓடவில்லை என்றால் யாராவது போய்ப் பார்க்கலாமே? மீட்டர் இதற்கும் உதவுமா?

திறவுகோல்:
உதவும். அவரே கேட்டு, யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவரே பெயர் கொடுத்தால் மட்டும். விரும்பாதபோது நிறுத்தவும் வழி இருக்க வேண்டும்.

பழையபிளம்பர்:
பூஜ்யம் காட்டும் வீடுகளில் இன்னொரு பயனும் உண்டு. வாரக்கணக்கில் பூட்டிய வீட்டின் குழாய்களில் தண்ணீர் தேங்கி 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில் நின்றால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். சிலவகை மீட்டர்கள் தண்ணீரின் வெப்பத்தையும் சொல்லும். காலியான வீட்டில் வாரம் ஒரு முறை குழாய்களைத் திறந்துவிட வேண்டும் என்று பராமரிப்பு ஆளுக்கு அது நினைவூட்டும்.

குடியிருப்போர்குரல்:
கூட்டத்துக்கு எழுதியதைப் போடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

மீட்டரை எதிர்க்கவில்லை என்று தொடங்கியிருக்கிறோம். முதலில் 96 வீட்டிலும் நிர்வாகச் செலவில் ஃப்ளஷ் டேங்குகளும் குழாய்களும் சரிசெய்யப்பட வேண்டும். முதல் பன்னிரண்டு மாதம் மீட்டர் எண்ணும், ஆனால் பில் வராது. பழைய முறையிலேயே கட்டுவோம், ரீடிங்கை மட்டும் பார்த்துக்கொள்வோம். R400க்குக் குறையாத அல்ட்ராசானிக் மீட்டர், வால்வு இல்லாதது, வீட்டுக்கு இரண்டு. கசிவு எச்சரிக்கை வந்து ஏழு நாளுக்குள் பிளம்பர் வராவிட்டால் அதன்பின் ஓடும் தண்ணீருக்கு நிர்வாகம் பொறுப்பு. ரீடிங்கை வைத்து யாரையும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவோ, ஆள் எண்ணவோ கூடாது. சாவிகள் கட்டட உரிமையாளரிடம். பேட்டரி தீர்ந்தால் மாற்றும் செலவு எங்களுடையது அல்ல.

பழையபிளம்பர்:
ஒன்று சேருங்கள். 96 வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையும் கட்டடத்தின் முதன்மை மீட்டரும் ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. சின்ன ஓட்டங்கள் வீட்டு மீட்டரில் தவறும், பொதுக் குழாயிலும் கசியும். அந்த வித்தியாசத்தை உங்கள் மேல் பிரித்துப் போடலாமா, எவ்வளவு வரை போடலாம் என்பது எழுத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் தகராறுதான்.

குடியிருப்போர்குரல்:
சேர்த்துவிட்டேன். பொதுக் குழாய் நிர்வாகத்தின் பொறுப்பு, எனவே வித்தியாசமும் அவர்களுடையது என்று எழுதியிருக்கிறோம்.

கூட்டம் முடிந்தது. டேங்குகளைச் சரிசெய்யச் சம்மதித்தார்கள், 17 வீட்டிலும் வேலை ஆரம்பித்துவிட்டது, மீதி வீடுகள் அடுத்த மாதம். வால்வு இல்லை என்பதை எழுதித் தந்தார்கள். பில் இல்லாத காலம் பன்னிரண்டு மாதம் கேட்டோம், ஆறு என்கிறார்கள். ஏழு நாள் கெடுவுக்கு இன்னும் பதில் இல்லை. அதை விடப்போவதில்லை.

சனிக்கிழமை சிக்னல் சோதனை. பெரியவர் வீட்டுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், கதவை மூடி வைத்துத்தான் செய்யச் சொல்லியிருக்கிறோம்.

பழையபிளம்பர்:
நல்லது. சோதனை செய்பவரிடம் சிக்னல் வருகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த வேகப் படியில் வருகிறது என்று கேட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.